இருபத்தெட்டில் பதினேழு

"இழுங்க. விடுங்க. அப்படியே நிறுத்துங்க."
சுவருக்கு அப்பாலிருந்து மைக்கில் ரெஜிலா.

முதல் நாள் நெஞ்சு நிறைய இழுத்துவைத்தேன்.
கடியப்பட்டணத்துப் பாறைகளில்
இருபது வருஷம் சிப்பிக்கு முங்கியவன்,
இந்த ஒரு வேலையாவது தெரியும் என்று.
"அந்த மூச்சு வேண்டாண்ணா,
வெளிய விட்டுட்டு நிறுத்தணும்.
வயிறு தாழ்ந்து ஒரே இடத்தில கெடக்கணும்."
காலி மூச்சோடு
எவனும் கடலுக்குப் போகமாட்டான், மகளே.
சொல்லவில்லை. விட்டேன். நிறுத்தினேன்.

முதலில் உருண்டது முகம்.
கோயில் திருவிழாவில் எல்லாரும் சொன்னார்கள்:
"ததேயு நல்லா தேறிட்டான்,
கல்ஃபுக்குப் போனவன் மாதிரி."
பெனடிக்டா சந்தோஷத்தில்
ஒரு அகப்பை சோறு கூடுதலாய் வைத்தாள்.
தொடைதான் வேறு கணக்கு சொன்னது.
நாலு பாகம் ஆழத்தில் அடிமணலை உதைத்தேன்,
எழும்பவில்லை.
சேசடிமை முடியைப் பிடித்து இழுத்து வள்ளத்தில் போட்டான்.
"லே, தண்ணி குடிச்சியா?"
"இல்லடே. காலு சொன்னது கேக்கல."

கிட்னியின் தலையில் சின்னத் தொப்பி போல
ஒரு சுரப்பி இருக்கிறதாம்.
நாற்பத்திரண்டு வருஷம் கூடவே இருந்தும்
பேர் தெரியாது.
அதில் கருக்கு அளவில் ஒன்று வளர்ந்திருந்தது.
திருவனந்தபுரத்தில் வெட்டி எடுத்தார்கள்;
கூட இருந்த பாவத்துக்கு இடது கிட்னியும் போயிற்று.
"பத்து லட்சத்தில் ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோ வரும்."
களியக்காவிளை தாண்டும்போதெல்லாம் லாட்டரி எடுப்பேன்,
நூறு ரூபாய்கூட விழுந்ததில்லை.
அதைச் சொல்லி வராந்தாவில் சிரித்தாள் பெனடிக்டா,
சிரித்துக்கொண்டே இருந்தாள்,
நர்ஸ் வந்து தண்ணீர் கொடுக்கும் வரை.

நெய்யூர் போகிற பஸ் மணவாளக்குறிச்சி வழி.
மணல் ஆலை மதில் வரும்போது
ஜன்னல் ஓரத்தில் இருந்தாலும் குனிந்துகொள்வேன்.
அந்தக் கறுத்த மணலில்
உருண்டு, தூங்கி, சண்டை போட்டு வளர்ந்தவன்.
கதிருள்ள மணல் என்பார்கள்.
டாக்டரிடம் கேட்டேன், அதுதானா?
"தெரியாது" என்றார்.
தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர்.
மீதி சொன்னதையெல்லாம் அதனால் நம்பினேன்.

விலாவில் ஊதா மைக்கோடு,
பச்சை குத்திய மூன்று புள்ளி.
கோடு அழியக்கூடாது.
சோப்பு கூடாது, தேய்க்கக் கூடாது, கடல் கூடவே கூடாது.
உப்பு படாத தோல்
யாரோ இரவல் தந்த சட்டை மாதிரி இருக்கிறது.

பதினோராம் நாள் சேசடிமை ஒரு பை சிப்பி கொண்டுவந்தான்.
தேங்காய் வறுத்து அரைத்த மணம்
அடுக்களையைத் தாண்டுமுன்
நான் முற்றத்தில் குனிந்திருந்தேன்.
என் பங்கையும் மகன் தின்றான்.
ஓடுகளை ஒன்றும் பேசாமல் பொறுக்கினான்.

பதினேழு முடிந்தது.
பதினெட்டுக்குப் போன அன்று மெஷின் கேடு.
"நாளைக்கு வாங்கண்ணா", ரெஜிலா
தானே உடைத்ததுபோல் சொன்னாள்.
திரும்பி, வீட்டுக்குப் போகாமல் கரைக்குப் போனேன்.
அலை எட்டாத இடத்தில் நின்றேன்.
பாறைக்கருகில் சேசடிமையின் தலை,
பிறகு கால், பிறகு தண்ணீர் மட்டும்.
பழக்கத்தில் நானும் மூச்சை விட்டு நிறுத்தினேன்.
இருபது. முப்பது. என்னால் முடியவில்லை, இழுத்தேன்.
அவன் வரவில்லை.
நாற்பது.
தண்ணீருக்குள் இருக்கும்போது இதெல்லாம் தெரியாது.
ஒரு கொத்து, இன்னும் ஒரு கொத்து
என்றுதான் இருக்கும்.
மேலே நிற்கிறவன் எண்ணிக்கை வேறு.
ஐம்பத்தைந்து.
"லே, போதும், வா!"
காற்று எதிர்த்து அடித்தது,
என் சத்தம் என் வாய்க்கே திரும்பி வந்தது.

அவன் எழுந்தான், பையைத் தூக்கிக் காட்டினான்,
வள்ளத்தைப் பார்த்து.
நான் நிற்பது அவனுக்குத் தெரியாது.

நாளைக்கு ரெஜிலாவிடம் கேட்கணும்,
அந்தச் சுவருக்குப் பின்னால்
அவள் மூச்சை என்ன செய்கிறாள் என்று.